குளிர் மிஷினுக்கு ஒத்தடம்

கற்பூரத் தட்டு என் கையில் இருந்தது. தீப்பெட்டி, மேனேஜர் கையில். ஹால் முழுக்க ஆட்கள். அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறோம். அப்படி ஒரு அமைதியை எங்கள் நூல் மில்லுக்குள் வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் கேட்க முடியும், அது ஆயுத பூஜை அன்று.

மற்ற நாளில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வேலை பார்ப்போம். பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினால்தான் காதில் விழும். அன்றைக்கு மட்டும் எல்லா மிஷினையும் நிறுத்தி, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு நிறுத்தியிருப்போம். பூசை நேரத்தில் ஒரு சக்கரம்கூடச் சுற்றக் கூடாது. அது எங்கள் மில் வழக்கம். இரும்பு ஓய்ந்து நிற்கும்போதுதான் சாமி அதில் வந்து உட்காரும் என்று நாங்கள் நம்பினோம்.

அந்த வருஷம் ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் 'உம்ம்ம்' என்று ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

"என்ன சத்தம் அது?" என்று மேனேஜர் கேட்டார்.

யாரையும் பார்த்துக் கேட்கவில்லை, பொதுவாகத்தான் கேட்டார். ஆனால் தட்டு என் கையில் அல்லவா இருந்தது? எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தட்டைப் பக்கத்தில் நின்ற சின்னத்தாயியிடம் கொடுத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தேன்.

இந்தத் தொடரில் இதுவரை நான் செய்த நல்ல காரியங்களாகவே பொறுக்கி எடுத்து எழுதி வருகிறேன் என்று என் மருமகள் போன வாரம் குத்திக் காட்டினாள். சரி ஆத்தா, இந்த வாரம் நான் செய்த கோளாறையே எழுதுகிறேன்.

அடுப்பு மூட்டிக் குளிர்

எங்கள் மில் தேனிக்குக் கொஞ்சம் வெளியே, போடி ரயில் போகிற தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நான் காமயகவுண்டன்பட்டியில் பிறந்து, எட்டாவது வரை படித்து, தேனிக்கு வாக்கப்பட்டு வந்தவள். மில்லில் கழிவு குடோனுக்கு மேஸ்திரி. எனக்குக் கீழே சின்னத்தாயியையும் சேர்த்து ஏழு பெண்கள்.

நூல் மில்லுக்கு வெயிலும் ஆகாது, வறண்ட காற்றும் ஆகாது. ஆடி மாசம் மேற்கே மலை இடைவெளியில் புகுந்து வருகிற காற்று இருக்கிறதே, அது பட்டாலே இழை மொடமொடத்துப் போகும். பட்டுப் பட்டென்று அறும். ஹாலில் இருக்கிற பெண்கள் ஓடி ஓடி ஒட்டுவார்கள். இந்தப் பக்கம் ஒட்டினால் அந்தப் பக்கம் அறும். பகல் ஷிப்ட்டில் யாராவது ஒருத்தி மயங்கி விழாமல் கோடை கழிந்ததில்லை.

அதற்கு அந்தக் காலத்து வைத்தியம், ஜன்னலெல்லாம் ஈரச் சாக்கைக் கட்டித் தொங்கவிடுவதுதான். சாக்கு நனைக்கிற வேலை எங்கள் குடோன் பெண்களுடையது. நனைத்துக் கட்டிவிட்டுத் திரும்பி வருவதற்குள் முதல் சாக்கு காய்ந்திருக்கும். ஒரு கோடை முழுக்க நான் சாக்கு நனைத்தே செத்தேன்.

இன்னொரு தொல்லை கழிவு. மிஷினுக்கு அடியில் விழுகிற தூசிப் பஞ்சு, பஞ்சோடு வந்த இலைத்தூள், விதைத் தொலி, எண்ணெய் துடைத்த பஞ்சு எல்லாவற்றையும் பின்பக்கம் ஓடையோரம் குவித்துத் தீ வைப்பார்கள். ஒரு ஆடியில் அதிலிருந்து பறந்த பொறி பக்கத்துத் தோட்டத்து வைக்கோல் போரில் விழுந்து, பெரிய பஞ்சாயத்து ஆகிவிட்டது. அதே சமயத்தில் நூலுக்கு நீராவி காட்டுகிற பாய்லருக்கு மலையிலிருந்து வந்துகொண்டிருந்த விறகுக்கும் கெடுபிடி கூடிப்போனது. எரிக்க விறகு இல்லை, கொட்ட இடமில்லை.

அப்போதுதான் எங்கள் மொதலாளி கோயம்புத்தூருக்குப் போய் எதையோ பார்த்துவிட்டு வந்தார். கழிவையே பாய்லரில் போட்டு எரிப்பது. அந்த நீராவியில் மார்கழி விடிகாலையில் ஹாலைச் சூடாக்குவது. சித்திரையில் அதே நீராவியை வைத்து ஹாலைக் குளிர வைப்பது.

மார்கழிச் சூடு எங்களுக்குப் புரிந்தது. சித்திரைக் குளிர் யாருக்கும் புரியவில்லை. பாய்லர் பார்க்கிற கருப்பையா அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடுப்ப மூட்டி ஐஸ் வைக்கப் போறாகளாம். அது மட்டும் நடந்துச்சுன்னா நான் மீசைய எடுத்துர்றேன்" என்றார்.

பாய்லருக்குப் பக்கத்துக் கொட்டகையில் பச்சைப் பெயின்ட் அடித்த ரெண்டு பெரிய பீப்பாய்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைத்த மாதிரி அந்த மிஷின் வந்து இறங்கியது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பையனையும் எடுத்தார்கள். பெயர் சாமுவேல். தேனிக் கடைவீதியில் அவன் அப்பாவுக்குப் பெரிய பாத்திரக்கடை. "கல்லாவுல உக்கார மாட்டேன், மிஷின்தான் படிப்பேன்" என்று அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு படித்துவிட்டு வந்தவன். எனக்குத் தம்பி வயசு என்பதால் 'அவன்' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டான்.

நான் ஒரு நாள் அவனிடமே கேட்டேன். நெருப்பு எப்படித் தம்பி குளிரும்?

"அக்கா, மழைக்காலத்துல உப்பு ஜாடியத் தொறந்து வச்சா என்ன ஆகுது?"

"நீர் விட்டுக்கிரும்."

"உப்பு காத்துல இருக்கிற தண்ணிய இழுக்குது. இந்த பீப்பாய்க்குள்ளயும் ஒரு வக உப்பு இருக்கு. அது இழுக்க இழுக்க உள்ள இருக்கிற தண்ணி ஆவியாகும். ஆவியானா மண்பானை மாதிரி குளிரும். இழுத்து இழுத்து உப்பு நீத்துப்போனா, நம்ம நீராவி அதக் காய்ச்சித் திரும்பக் கெட்டியாக்கும். அம்புட்டுதான்."

அந்தச் சித்திரையில் ஹாலுக்குள் குளிர்ந்த காற்று வந்தது. உண்மையாகவே வந்தது. இழை அறுவது குறைந்தது, யாரும் மயங்கி விழவில்லை. சளி பிடிக்கும் என்று பயந்து முதல் வாரம் பாதிப் பேர் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். கருப்பையா அண்ணன் ரெண்டு நாள் லீவு போட்டுவிட்டு மீசையோடுதான் திரும்பி வந்தார். யாரும் கேட்கவில்லை, பாவம்.

என் குடோன்

மிஷின் வந்த பிறகு எங்கள் குடோனுக்குத் தனி மரியாதை. அதுவரை குப்பை அள்ளுகிறவர்கள், இப்போது பாய்லருக்குச் சாப்பாடு போடுகிறவர்கள்.

தூசிப் பஞ்சை அப்படியே போட்டால் அடுப்புக்குள் குப்பென்று பறந்து, எரியாமல் புகையாகவே வெளியே போகும். அதைத் தண்ணீர் தெளித்து அமுக்கி உருண்டை பிடிக்க வேண்டும். போடியிலிருந்து மூட்டை மூட்டையாகக் காப்பித் தொலி வரும், கடலைத் தொலியும் வரும். ரெண்டு கூடைத் தொலிக்கு ஒரு கூடை உருண்டை. இந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் கிடையாது, நானும் கருப்பையா அண்ணனும் சண்டை போட்டுச் சண்டை போட்டுக் கண்டுபிடித்தது.

கம்பி, ஆணி, நூல் சுற்றும் பாபின் உடைசல் எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது. அடுப்புக்கு அடியில் இருக்கிற கம்பிச் சட்டத்தில் சிக்கிக்கொள்ளும். அதனால் என் கண்ணில் படாமல் ஒரு துரும்பு உள்ளே போகாது. சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் குப்பைக் காகிதமும் ஒரு சாக்கில் வரும். அதிலிருந்து குண்டூசியைப் பொறுக்கி ஒரு பால்டப்பாவில் போட்டு வைப்பேன். டப்பா நிறைந்ததும் அவர்களுக்கே திருப்பிக் கொடுப்பேன். ஆபீஸில் என்னைக் 'குண்டூசி மேஸ்திரி' என்று கேலி பண்ணுவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

குடோனுக்குள் வந்தது எதுவும் திரும்பி வெளியே போனதில்லை, அந்தக் குண்டூசியைத் தவிர.

அரை மணி நேரம்

ஆயுத பூஜைக்கு வருகிறேன். குளிர் மிஷினுக்கு அதுதான் முதல் ஆயுத பூஜை.

நான் கொட்டகைக்குள் நுழைந்தபோது சாமுவேல் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, பம்ப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். பூசைக்காகத்தான் அந்தச் சட்டை. மிஷினுக்கு அவனே மாலை வாங்கிப் போட்டிருந்தான்.

"என்ன தம்பி, அங்கன கற்பூரம் ஏத்த நிக்கிறோம். நீ இங்கன ஓட்டிக்கிட்டிருக்க?"

"நீராவிய இப்பத்தான்க்கா அடைச்சேன். பூசை பன்னெண்டு மணிக்குன்னுதான சொன்னாக? ராகு காலம்னு திடீர்னு முன்னாடி இழுத்துட்டாக. பம்ப்பு இன்னும் ஒரு அரை மணி நேரம் ஓடணும்க்கா. கெட்டியான உப்பும் நீத்த உப்பும் உள்ள ஒண்ணாக் கலக்கணும். அப்பறம்தான் நிப்பாட்டணும்."

"அரை மணி நேரம் அம்புட்டுச் சனமும் கைய கட்டிக்கிட்டு நிக்கவா?"

"நிப்பாட்டுனா கெட்டுப்போகும்க்கா."

அந்த இடத்தில் நான் சும்மா திரும்பியிருக்கலாம். மேனேஜரிடம் போய் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

"உங்க சர்ச்சுல ஜெபம் நடக்கும்போது எங்க மேளத்த நிப்பாட்டுறோம்ல? எங்க சாமிக்கு ஒரு அரை மணி நேரம் உன் மிஷின நிப்பாட்ட மாட்டியாக்கும்?"

சொல்லி முடிக்கும்போதே எனக்குத் தெரிந்தது, சொல்லியிருக்கக் கூடாது என்று. சாமுவேல் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி அதோடு போயிருக்கும். அவன் திரும்பி, சிவப்புப் பட்டனை அமுக்கினான்.

சத்தம் நின்றது. ஹாலில் கற்பூரம் ஏற்றினோம், சுண்டல் கொடுத்தோம். சாமுவேலும் வந்து வாழையிலையில் சுண்டல் வாங்கிக்கொண்டு போனான்.

இன்றைக்கும் அந்த மில்லில் மற்ற எல்லாம் நின்றாலும் அந்த ஒரு பம்ப்பு ஓட ஓடத்தான் பூசை நடக்கிறது. சாமியும் அந்தச் சத்தத்தோடேயே வந்து உட்காரப் பழகிக்கொண்டது. புதிதாக வருகிறவர்கள் ஏன் என்று கேட்டால், அதெல்லாம் பழைய வழக்கம் என்று சொல்கிறார்களாம். பழைய வழக்கமா? என் வாயால் வந்த வழக்கம் அது.

பாகு இறுகின கதை

மறுநாள் விஜயதசமி லீவு. அதற்கு மறுநாள், வெள்ளிக்கிழமை காலையில் பாய்லர் மூட்டி, நீராவி ஏற்றி, பம்ப்பைப் போட்டார்கள். உறுமியது. முக்கியது. உள்ளே எதுவும் நகரவில்லை.

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சி, பாத்திரத்தை அப்படியே மறந்துபோய் வைத்துவிட்டால் என்ன ஆகும்? கரண்டி உள்ளேயே நட்டுக்கொண்டு நிற்கும் இல்லையா, அதுதான் நடந்தது. கெட்டி உப்பு நீர்த்துக் கலக்காமலே ஆறிப்போய், குழாய்க்குள் கல்லாக இறுகிவிட்டது.

புரட்டாசி வெயில் வேறு. மத்தியானத்துக்குள் ஹால் கொதித்தது. இழைகள் பழையபடி அறுந்தன. நாங்கள் பழைய சாக்குகளைத் தேடி எடுத்து நனைத்து ஜன்னலில் கட்டினோம். ரெண்டாவது ஷிப்ட்டில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

மேனேஜர் மிஷின் கம்பெனிக்கு டிரங்க் கால் போட்டார். அவர்கள் ஆள் பம்பாயிலிருந்து வர வேண்டும், பதினைந்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். போனை வைத்துவிட்டு நேராகக் கொட்டகைக்கு வந்தார்.

"கலக்காம நிப்பாட்டக் கூடாதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் யாரு நிப்பாட்டுனது?"

"நான்தான் சார் நிப்பாட்டுனேன்."

"நாளையோட நீ வேலைய விட்டு நின்னுக்க. நாளைக்குச் சாயங்காலம் லெட்டர் தர்றேன்."

இது எல்லாம் கருப்பையா அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டு வந்து எனக்குச் சொன்னது. உடனே ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நான் ஓடவில்லை. தொலி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். நிரந்தரம் ஆகாத வேலை, வீட்டில் ரெண்டு பிள்ளைகள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. எப்போதும் திறக்கிற வாய் அது.

ஷிப்ட் முடிந்து போகும்போதுதான் கொட்டகைப் பக்கம் போனேன். சாமுவேல் தரையில் உட்கார்ந்து மிஷின் புத்தகத்தை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன் தம்பி என் பேரச் சொல்லல?"

"சொல்லி?"

"நான் சொல்லித்தான நிப்பாட்டுன?"

அவன் புத்தகத்தை மூடினான்.

"நான் சொன்னா அது எப்படிக்கா கேக்கும்? 'சாமி கும்பிட்டதாலதான் மிஷின் கெட்டுப்போச்சு'ன்னு சாமுவேல் சொல்றான்னு கேக்கும். அப்பறம் இங்கன யாரு என்கூடப் பேசுவா? அதுக்கு அப்பா கடையில போய் கல்லாவுல உக்காந்துக்கிறலாம்."

எந்தக் கல்லாவில் உட்கார மாட்டேன் என்று அப்பாவிடம் சபதம் போட்டு வந்தானோ, அந்தக் கல்லாவைச் சொல்கிறான். மன்னிச்சுக்க என்று சொல்ல வரவில்லை, அதற்குப் பதிலாக, "புத்தகத்துல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

"குழாய வெளிய இருந்து மெதுவாச் சூடாக்கணும்னு போட்டிருக்கு. உள்ள இருக்கிறது இளகிரும். ஆனா எப்படிச் சூடாக்க? நெருப்பு வைக்க முடியாது. சுத்தியும் பஞ்சுத் தூசி."

"வேகமாச் சூடாக்கணுமா, விடாமச் சூடாக்கணுமா?"

"விடாம."

"அட, இது ஒத்தடம்தானப்பா" என்றேன்.

சாக்கு

சனிக்கிழமை காலையில் நானும் என் ஏழு பெண்களும் குளிர் மிஷினுக்குப் பிள்ளைபெற்றவளுக்குச் செய்கிற பண்டுவம் பார்த்தோம்.

ஜன்னலில் கட்டுகிற அதே சாக்குகள்தான். உள்ளே தூசிப் பஞ்சைத் திணித்துத் தைத்தோம். பஞ்சு இருந்தால் தண்ணீரையும் பிடிக்கும், சூட்டையும் சீக்கிரம் விடாது. கருப்பையா அண்ணன் பாய்லரிலிருந்து கொதிக்கிற தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்துவிட்டார். சாக்கை உள்ளே அமுக்கி, கம்பு கொடுத்துத் தூக்கி, ரெண்டு பக்கமும் கம்பாலேயே முறுக்கிப் பிழிந்து, ஓட்டமாகக் கொண்டுபோய், சாமுவேல் காட்டிய அடிக் குழாயில் சுற்றுவோம். சூடு குறைகிறபோது அதை எடுத்துவிட்டு அடுத்தது.

"ஏலே, கைய சுட்டுக்கிறாதீக" என்று சின்னத்தாயி எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தாள். அவள் கைதான் முதலில் சுட்டது.

ஒரு மணி நேரம் ஆனது. ஒன்றும் இல்லை. இன்னொரு மணி நேரம் ஆனது. புடவையெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து, கொட்டகை முழுக்க ஆவி. எட்டிப் பார்த்த ஹால் ஆட்கள், "பிரசவம் ஆயிருச்சா, என்ன பிள்ள?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சாமுவேல் சிரிக்கவில்லை. அவ்வப்போது பம்ப்பைப் போட்டுப் பார்ப்பான், உறுமும், நிறுத்துவான். குழாய் வளைகிற இடத்துக்கு அந்தப் பக்கம் கையை வைத்துப் பார்ப்பான். அங்கே ஜில்லென்றுதான் இருந்தது. சூடு அந்தப் பக்கம் போகிற வரை உள்ளே அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

மத்தியானச் சங்கு ஊதியது. நாங்கள் ரெண்டு ரெண்டு பேராகப் போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஓடி வந்தோம். சாக்கு மட்டும் நிற்கவில்லை.

போடி ரயில் சத்தம் கேட்டு முடிந்து கொஞ்ச நேரம் இருக்கும். சாமுவேல் வளைவில் கை வைத்தவன், அப்படியே நின்றான். எடுத்துவிட்டு மறுபடி வைத்தான்.

"அக்கா, இங்கன கைய வைங்க."

வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

அவன் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நுனியைக் குழாயில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டான். மெக்கானிக்குகள் அப்படித்தான் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் பிடியை என் காதில் வைத்தான். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் 'குளுக்' என்று ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று. பிறகு ஓடையில் தண்ணீர் வந்த மாதிரி குளுகுளுவென்று நிற்காமல் ஓடியது.

நான் அழுதுவிட்டேன். வெட்கமே இல்லாமல், ஏழு பெண்களுக்கு முன்னால் ஓவென்று அழுதேன். அவர்களுக்கு ஏன் என்று தெரியாது, மிஷினுக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நீராவியை மெல்லத் திறந்தான். கொஞ்ச நேரத்தில் ஹாலுக்குப் போகிற குளிர்தண்ணீர்க் குழாய் வெளியே முத்து முத்தாக வேர்த்தது. சின்னத்தாயி சுட்ட கையை அதில் கொண்டுபோய் ஒட்டி வைத்துக்கொண்டாள்.

வாயைத் திறந்தது

மேனேஜர் வந்தார். வேர்த்த குழாயைத் தொட்டுப் பார்த்தார். "பரவாயில்லையே" என்றார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, "சாமுவேல், சாவியெல்லாம் கருப்பையாகிட்ட குடுத்துட்டு, சாயங்காலம் ஆபீசுக்கு வந்து லெட்டர வாங்கிக்க" என்றார்.

மிஷின் ஓடிய பிறகுமா? இந்தத் தடவை மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார என்னால் முடியவில்லை.

"சார், ஒரு பேச்சு."

"என்னம்மா?"

"மிஷின நிப்பாட்டச் சொன்னது நான்தான். அரை மணி நேரம் ஆகும், கெட்டுப்போகும்னு இந்தத் தம்பி சொன்னான். நான்தான் சொல்லக்கூடாத வார்த்தையச் சொல்லி நிப்பாட்ட வச்சேன்."

"மிஷின நிப்பாட்டச் சொல்ல நீ யாரு?"

"கற்பூரத் தட்ட கையில வச்சிருந்தவ சார்."

"இத ஏன் நேத்தே சொல்லல?"

"பயந்துட்டேன். பொழப்பு போயிரும்னு பயந்துட்டேன்."

பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாயைத் திறந்தாகிவிட்டது, பாதியில் மூட எனக்கு எப்போதுமே வராது.

"'என்ன சத்தம் அது'ன்னு நீங்களும் கேட்டீக சார். உங்க மேல பழி போடல. அங்கன நின்ன எல்லாருக்கும் அந்தச் சத்தம் நிக்கணும்னுதான் இருந்துச்சு. வேணாம்னு சொன்னது இந்த ஒரு ஆளுதான். வேணாம்னு சொன்ன ஆள அனுப்பிட்டு, நிப்பாட்டச் சொன்ன எங்க எல்லாத்தையும் வச்சிருக்கீகளே."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி, ஆவி படிந்திருந்ததை வேட்டி நுனியில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். என்னைப் பார்த்தார், சாமுவேலைப் பார்த்தார். அப்படியே ஆபீசுக்குப் போய்விட்டார்.

போச்சு, இப்போது ரெண்டு பேருக்கும் லெட்டர் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏன்க்கா?" என்றான் சாமுவேல்.

"மன்னிச்சுக்க தம்பி" என்றேன். அப்போதுதான் அது வாயில் வந்தது.

சனிக்கிழமை மூட்டை

சாயங்காலம் சாமுவேல் சாவிக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றான். ஆபீசிலிருந்து கூப்பிட ஆள் வரும் என்று பார்த்தான், யாரும் வரவில்லை. தானாகப் போகவும் அவனுக்குக் கால் வரவில்லை. நான் குடோனில் வேலை பார்க்கிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டிருந்தேன்.

பியூன் வந்தார். அவரைப் பார்த்ததும் சாமுவேல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். பியூன் அவனைத் தாண்டி நேராக என்னிடம் வந்து, முதுகில் இருந்த காகித மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, எப்போதும் போல "குண்டூசி பத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிரித்தேன். கை தன் பாட்டுக்குக் குண்டூசி பொறுக்கியது. நான் மீதியைக் கூடையில் தட்டும்போது ஒரு நீள உறை வந்து விழுந்தது. கசங்கவில்லை, கிழியவில்லை. மேலே தமிழில் பேனாவால் எழுதியிருந்தது: 'சாமுவேல், குளிர் பிளான்ட்.'

எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"படி தம்பி."

பிரித்துப் பார்த்தான். உள்ளே ரெண்டு தாள், குண்டூசி குத்தியது, இங்கிலீஷில் டைப் அடித்தது. மேலிருந்து கீழே வரை படித்தான்.

"என்ன போட்டிருக்கு?"

"இன்னையோட வேலையிலருந்து நிப்பாட்டியிருக்கிறதாப் போட்டிருக்கு."

"கையெழுத்து?"

"போட்டிருக்காக." நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "இது எங்கன இருந்துச்சு?"

"குப்பை மூட்டையில."

அவன் திரும்பவும் அந்தக் கையெழுத்தைப் பார்த்தான். "தவறி விழுந்திருக்குமோ? இத ஆபீஸ்ல கொண்டுபோய்க் குடுக்கணுமாக்கா?"

படித்த பிள்ளைகளுக்கு இப்படித்தான் சந்தேகம் வரும். கையெழுத்துப் போட்ட மேனேஜரே போடாமல் அது குப்பைக்கு எப்படி வரும்? நான் லெட்டரை அவன் கையிலிருந்து வாங்கினேன்.

"என் குடோனுக்கு வந்துருச்சுல்ல? இங்கன வந்ததெல்லாம் எரிக்கிற சாமான்தான். சாவிய இடுப்புல சொருகிட்டு, போய் உன் மிஷினப் பாரு."

குண்டூசியை உருவி டப்பாவில் போட்டேன். தாளை ரெண்டாக மடித்து, காப்பித் தொலிக் கூடையின் மேல் வைத்து, நானே கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க் கருப்பையா அண்ணனிடம் கொடுத்தேன். அவர் அடுப்புக் கதவைத் திறந்து கொட்டினார். திரும்பி வரும்போது கொட்டகையில் பம்ப்பு 'உம்ம்ம்' என்று ஓடிக்கொண்டிருந்தது. ஹாலுக்குள் ரெண்டாவது ஷிப்ட் பெண்கள் குளிர்ந்த காற்றில் இழை ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.